ஐந்தாம் எண் ஓட்டுநர் பாட வந்த வருடம்

பேருந்துக்கு வெளியே அந்த ஓட்டுநரை நான் முதலில் பார்த்தது அவருடைய மகனை அடக்கம் செய்த அன்று. அவர்கள் வீட்டு மதிலோரம் நாங்கள் பதினெட்டுப் பேர் கறுப்புக் கோட் போட்டுக்கொண்டு நின்றிருந்தோம். எங்கள் சேர்ந்திசைக் குழுவில் யார் இறந்தாலும் அடக்கத்தின்போது நாங்கள் ஒரு பாட்டுப் பாடுவோம். அதற்கு அனுமதி கேட்க டீச்சர் மட்டும் வாசல்வரை போனார். ஓட்டுநர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவும் இல்லை, முகத்தை நிமிர்த்தவும் இல்லை.

"பாட்டெல்லாம் வேண்டாம்மா. அவங்களப் போகச் சொல்லுங்க" என்றார்.

அவருக்குப் பின்னால், கதவைப் பிடித்தபடி மருமகள் நின்றிருந்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள், சொல்லவில்லை. நாங்கள் வந்த வழியே திரும்பி நடந்தோம்.

எங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆண்கள் மட்டும் பாடும் குழு எங்களுடையது. மேளம் கிடையாது, பெட்டி கிடையாது. மூன்று வரிசையாக நின்று, மூன்று விதமான குரலில், தொண்டையை மட்டும் நம்பிப் பாடுவோம். செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஆறு மணிக்குத் தீயணைப்பு நிலையத்தின் மாடியில் பயிற்சி. கீழே வண்டிகள் நிற்கும். மாடிச் சுவரில் தலைக்கவசங்கள் தொங்கும். காயப்போட்ட ரப்பர் குழாய்களின் வாடை எப்போதும் இருக்கும். தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் எங்களோடு பாடுவதால் இடம் கிடைத்தது. மணி அடித்தால் அந்த இருவரும் பாதிப் பாட்டில் படியிறங்கி ஓடிவிடுவார்கள். மற்றவர்கள் நிறுத்தாமல் பாடப் பழகியிருந்தோம்.

எங்களை நடத்துகிறவர் ஒரு பெண். பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாங்கள் அவரை டீச்சர் என்று கூப்பிடுவோம். "மூச்ச இழுங்க, பிடிங்க, அவசரப்படாதீங்க, இப்ப விடுங்க" என்று பகலில் அங்கே சொல்வதைத்தான் மாலையில் எங்களிடமும் சொல்வார். முதல் வாரம் வந்தபோது தனக்கு ஏதாவது பிறந்துவிடுமோ என்று பயந்துபோனதாக எங்களோடு பாடும் பல் டாக்டர் ஒருவர் சொல்வார்.

நான் கண்ணாடி வெட்டுகிறவன். ஜன்னல், அலமாரி, கடை முகப்பு எல்லாவற்றுக்கும் அளவெடுத்து வெட்டிப் பொருத்திக் கொடுப்பேன். பாட்டில் எனக்குக் கீழ்க்குரல் வரிசை. என் இடது பக்கத்து நாற்காலியில் மூன்று வருடம் உட்கார்ந்திருந்தவன்தான் இறந்துபோன பையன். பையன் என்று நான் சொன்னாலும் அவனுக்கு முப்பத்தொரு வயது. புதுக் கட்டிடங்களில் ஜன்னல் சட்டம் மாட்டும் வேலை. நான்காம் மாடியில் சாரத்தின் பலகை ஒன்று நழுவியது, அவ்வளவுதான். அன்றைக்கு அவன் மாட்டிய சட்டத்துக்குக் கண்ணாடி வெட்டி வைத்திருந்தவன் நான்.

அவன் அப்பா நகரப் பேருந்தின் ஓட்டுநர். இருபத்திரண்டு வருடமாக ஐந்தாம் எண் பேருந்தை ஓட்டியதால் பணிமனையில் அவருக்குப் பெயரே 'அஞ்சாம் நம்பர்' என்றாகிவிட்டது. அவர் வண்டியில் நான் பலமுறை போயிருக்கிறேன். வேறு பேருந்தென்றால் கண்ணாடித் தகட்டை ஏற்ற எனக்குத் தைரியம் வராது. அவர் ஓட்டுகிறார் என்று தெரிந்தால் ஏற்றிக்கொண்டு போவேன். குலுக்கல் இருக்காது. வண்டி நின்றதை வெளியே பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அடக்கம் முடிந்து இரண்டு மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். கையில் ஒரு துணிப்பை. காக்கிச் சட்டையைக்கூட மாற்றாமல் வந்திருந்தார். நாங்கள் பாடிக்கொண்டிருந்தோம். பாட்டு முடியும்வரை கதவருகிலேயே நின்றார். பிறகு டீச்சரிடம் பையைக் கொடுத்து, இது உங்கள் பொருளாம், மருமகள் கொடுத்தனுப்பினாள் என்றார். உள்ளே மகனின் கோட்டும் பாட்டுக் கோப்பும் இருந்தன.

டீச்சர் பையை வாங்கி மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகச் சொன்னார். அறையில் ஒரு நாற்காலிதான் காலியாக இருந்தது, என் இடது பக்கம். அதை எடுத்து ஓரமாக வைக்க எங்களில் யாருக்கும் கை வரவில்லை. அவர் நேராக வந்து அதில் உட்கார்ந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். டீச்சர் ஒரு நொடி தயங்கிவிட்டு அதே பாட்டை மறுபடி எடுக்கச் சொன்னார். பேச்சுக் கொடுப்பதைவிட அது சுலபமாக இருந்தது.

பாட்டின் பாதியில் என் இடது காதில் ஒரு முனகல் கேட்டது. அவர் பாடவில்லை. வார்த்தையும் தெரியாது, மெட்டும் தெரியாது. எங்கள் வரிசையின் அடிச்சுருதியை மட்டும் பிடித்து வைத்திருந்தார். தான் அப்படிச் செய்வது அவருக்கே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். சுருதி ஓர் இழைகூடப் பிசகவில்லை.

எல்லோரும் கிளம்பியபிறகு அவர் என்னிடம், "இங்க யாரு உக்காருவாங்க?" என்று கேட்டார்.

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "உங்க பையன்தாண்ணே" என்றேன்.

அவர் நாற்காலியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு சற்று நின்றார். பிறகு படியிறங்கிப் போனார். அடுத்த செவ்வாய் ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பார்த்தால் அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. காலை ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு வந்துவிட்டதாக மட்டும் சொன்னார். டீச்சர் அவர் முன்னால் ஒரு பாட்டுத் தாளை வைத்தார். அவர் சேர்ந்த கதை இவ்வளவுதான்.

முதலில் மிகவும் திணறினார். சுரக்குறிப்பு அவருக்கு எறும்பு ஊர்ந்த தடம் மாதிரி இருந்தது. நான் எங்கள் வரிசைக்கு உரியதை மட்டும் என் போனில் பாடிப் பதிந்து அவருக்கு அனுப்பினேன். இரண்டு நடைகளுக்கு நடுவே, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தபடியே அதைக் கேட்பாராம். கடைசி நடை முடிந்து காலி வண்டியைப் பணிமனைக்குக் கொண்டுபோகும்போது வாய்விட்டுப் பாடுவாராம். டீச்சர் கை காட்டுமுன்பே ஒருநாள் அவர் தொடங்கிவிட்டார். "அண்ணே, கண்டக்டர் விசில் குடுக்காம நீங்க வண்டிய எடுக்கலாமா?" என்று தீயணைப்பு வீரர் ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. சிரித்துவிட்டு உடனே தப்புச் செய்தவர்போல் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஒரு காலை குளியலறையில் தன்னையறியாமல் பாடியிருக்கிறார். வெளியே வந்தால் மனைவி அடுப்பை அணைத்துவிட்டு ஈரக்கையோடு கதவருகே நின்றிருந்தாராம். "அவனும் இதத்தான் பாடுவான். கடைசியில கொஞ்சம் இழுப்பான், நீங்க சட்டுனு விட்டுடறீங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி சமையலறைக்குப் போய்விட்டாராம். இதை என்னிடம் சொன்னபோது அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சி முடிந்து நாங்கள் இருவரும் ஒரே நிறுத்தம்வரை சேர்ந்து நடப்போம். அவர் பேசுவதெல்லாம் அந்த நடையில்தான்.

அப்படி ஒருநாள் அவராகவே அடக்கத்தன்று நடந்ததைப் பற்றி எடுத்தார்.

"மூணு வருஷம் கூப்பிட்டான். 'அப்பா, ஒரே ஒரு தடவ வந்து கேளுங்க'ன்னான். பத்தொம்பது பேரு சேந்து கத்துறதுல உன்ன எங்க தனியாக் கேக்கறது, நான் எதுக்கு வரணும்னு சொன்னேன். விளையாட்டாத்தான் சொன்னேன். அப்புறம் அவன் கூப்பிடறத விட்டுட்டான்." சற்றுத் தூரம் நடந்தபிறகு சொன்னார்: "அன்னைக்கு நீங்கல்லாம் வந்து நின்னீங்க. உயிரோட இருக்கும்போது கேக்காதத, செத்ததுக்கப்புறம் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது? அதான் போகச் சொன்னேன்."

சேர்ந்திசையில் ஒரு குரல் தனியாகக் கேட்டால் அது குறை, அவன் குரல் ஒருநாளும் அப்படிக் கேட்டதில்லை, பக்கத்தில் உட்கார்ந்த எனக்கே சிலநேரம் அவன் பாடுகிறானா என்று சந்தேகம் வரும் என்றேன். அவர் தலையாட்டினார். ஆறுதல் அடைந்த மாதிரித் தெரியவில்லை.

அவர் சேர்ந்த ஐந்தாம் மாதம் அரசு ஆஸ்பத்திரியில் பாடப் போனோம். நோயாளிகளுக்காக வருடத்துக்கு ஒருமுறை முன்கூடத்தில் பாடுவோம். கோட் இல்லாமல் நிற்க முடியாது. புதிதாகத் தைக்க நேரமும் இல்லை. இருந்தது மகனின் கோட்தான். அவன் நெடியவன். அப்பாவுக்குக் கை நீளமாக இருந்ததால் உள்பக்கம் மடித்துக் குண்டூசி குத்திக்கொண்டார். மருமகள் அதே ஆஸ்பத்திரியின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பது எங்கள் யாருக்கும் நினைவில்லை. அவருக்குத் தெரியும். ஆனால் கூடம் பின்கட்டில் இருக்கிறது, அவள் வரமாட்டாள் என்று நினைத்துவிட்டார்.

மூன்றாம் பாட்டின்போது அவள் வெள்ளை அங்கியோடு தூண் அருகில் வந்து நின்றாள். பாட்டு முடியும்வரை அசையவில்லை. கைதட்டல் ஓய்ந்ததும் நேராக அவரிடம் வந்தாள். குரலை உயர்த்தவில்லை. பக்கத்தில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"அவர் கூப்பிட்டப்போ நீங்க வரல மாமா. அதக்கூட விட்டுடலாம். கடைசியா இவங்கல்லாம் வாசல்ல வந்து நின்னாங்க. போகச் சொன்னீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? அவர் உங்களுக்குப் பையன்னா, எனக்கு யாரு? இப்ப அவர் கோட்டப் போட்டுக்கிட்டு, அவர் எடத்துல நிக்கறீங்க."

அவர் குண்டூசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, கோட்டைக் கழற்றி, மடித்து நீட்டினார். அவள் வாங்காமல் போய்விட்டாள். அதுவரை ஞாயிறுதோறும் மதியம் மாமனார் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்க்கொண்டிருந்தவள், அந்த வாரத்திலிருந்து வருவதை நிறுத்திவிட்டாள். குழந்தை இல்லை. அவனும் இல்லாதபோது அந்த ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான் அவர்களைச் சேர்த்து வைத்திருந்தது. மனைவி மூன்று வாரம் மூன்று தட்டு எடுத்துவைத்துவிட்டு, நான்காம் வாரம் இரண்டு தட்டோடு நிறுத்திக்கொண்டாராம்.

அடுத்த செவ்வாய் அவர் வரமாட்டார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். வந்தார். இனிமேல் பயிற்சிக்கு மட்டும் வருகிறேன், வெளியே எங்கும் மேடையில் நிற்கமாட்டேன் என்று டீச்சரிடம் சொன்னார். டீச்சர் சரி என்றார். கோட்டை அலமாரியில் மாட்டிப் பூட்டினார்.

இங்கே என் குற்றம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பையன் இறப்பதற்கு ஆறு மாதம் முன்பு, ஒரு கடினமான பாட்டு எனக்கு வராமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தபோது, அவன் என் பட்டறைக்கு வந்து சொல்லிக் கொடுத்தான். அதை நான் போனில் பதிந்து வைத்திருந்தேன். அவன் போனபிறகு ஒருமுறைகூட அதைத் திறக்கவில்லை. அப்பாவிடம் கொடுக்கலாமா என்று ஒவ்வொரு செவ்வாயும் யோசிப்பேன். கேட்டால் மனிதர் உடைந்துவிடுவாரோ என்று பயம். எனக்கே கேட்கப் பயம் என்பதுதான் உண்மை. ஆஸ்பத்திரியில் அவள் பேசியதைக் கேட்டபிறகு, வைத்திருக்க எனக்கு உரிமையில்லாத ஒன்றைப் பதுக்கி வைத்திருக்கிறேன் என்ற எண்ணம் அரிக்கத் தொடங்கியது. அப்படியும் இரண்டு மாதம் கடத்தினேன்.

கடைசியில் ஒரு மதியம் பணிமனைக்கே போனேன். அவர் வண்டி கழுவுமிடத்தில் ஈரத்தோடு நின்றிருந்தது. உள்ளே ஏறி, முன்னிருக்கையில் இருவரும் உட்கார்ந்தோம். இது இன்னது என்று சொல்லிவிட்டுப் போட்டேன்.

முதலில் என் பட்டறையில் யாரோ ஆணி அடிக்கும் சத்தம். பிறகு அவன் இருமல். பிறகு அவன் தொடையில் தாளம் தட்டிக்கொண்டு எங்கள் வரியைப் பாடினான், முழுதாக, தனியாக. முடிவில் நான் சொதப்பியதும் அவன் சிரித்தான். சிரித்துவிட்டுச் சொன்னான்:

"அப்படி வெட்டி விடாதீங்கண்ணே. எங்கப்பா பஸ்ஸ நிறுத்துவாரு பாத்திருக்கீங்கல்ல, அந்த மாதிரி நிறுத்தணும். நின்னதே யாருக்கும் தெரியக்கூடாது. நான் அதப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன்."

அவர் ஸ்டியரிங் பக்கம் பார்த்தபடியே இருந்தார். "இன்னொரு வாட்டி போடுங்க" என்றார். போட்டேன். நான்குமுறை கேட்டார். கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. இதை அவருக்கு அனுப்பிவைக்கிறேன், மருமகளுக்கும் அனுப்பிவிடலாம் என்றேன். "இத அனுப்பக் கூடாது. நேர்ல கொண்டுபோய்க் குடுக்கணும்" என்றார்.

அந்த ஞாயிறு இருவரும் மருமகள் வீட்டுக்குப் போனோம். நகரின் மறுகோடியில், மூன்றாம் மாடியில், இரண்டு அறை வீடு. கதவைத் திறந்தவள் வாங்க என்று சொல்லவில்லை. கதவை மூடவும் இல்லை. அவர் வாசலிலேயே நின்று, "உன்கிட்ட கேட்டிருக்கணும்மா. கேக்காதது தப்பு. அதச் சொல்லத்தான் வந்தேன். இன்னொண்ணும் குடுக்கணும்" என்றார். நான் போனை நீட்டினேன்.

அவள் நின்றபடி கேட்டாள். அவன் இருமியதும் சுவரில் கை வைத்தாள். அவன் சிரித்த இடத்தில் அவளும் சிரித்துவிட்டாள், பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். அவர் அவளுக்குப் பக்கத்தில் போகவில்லை. படிக்கட்டின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார். வெகுநேரம் கழித்து அவள் எழுந்து எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். அடக்கத்தன்று நாங்கள் பாட வந்த பாட்டு எது என்று என்னிடம் கேட்டாள். சொன்னேன்.

"அவர் போய் ஒரு வருஷம் ஆகப்போகுது மாமா. அவர அடக்கம் பண்ண எடத்துல வந்து பாடச் சொல்லுங்க. நீங்களும் நிக்கணும்" என்றாள். பிறகு, கோட்டைக் கொண்டுவந்து கொடுங்கள், கையைச் சின்னதாக்கித் தைத்துத் தருகிறேன் என்றாள்.

வருட நினைவு நாளன்று காலை தூறிக்கொண்டிருந்தது. அவனை அடக்கம் செய்த இடத்தில் புல் வளர்ந்திருந்தது. மாமியாரும் மருமகளும் ஒரே குடையில் நின்றார்கள். தீயணைப்பு வீரர்கள் இருவரும் வேலையில் இருந்ததால் வண்டியோடு வந்து வெளிவாசலில் நிறுத்தியிருந்தார்கள். நாங்கள் மூன்று வரிசையாக நின்றோம். டீச்சர் கையை உயர்த்தினார்.

எல்லாம் நினைத்தபடி நடந்தது என்று சொல்ல முடியாது. இரண்டாம் பகுதி தொடங்கும்போது அழைப்பு வந்து வீரர்கள் இருவரும் ஓடினார்கள். பல் டாக்டருக்குச் சளி, குரல் கம்மியது. மூன்றாம் பகுதியில் என் இடது பக்கம் சத்தம் நின்றுபோனது. அவர் வாய் திறந்திருந்தது, குரல் வரவில்லை. நான் கொஞ்சம் கூடுதலாக மூச்சு வாங்கி அவர் பங்கையும் சேர்த்துப் பாடப் பார்த்தேன், முடியவில்லை. டீச்சர் அவர் பக்கம் திரும்பவே இல்லை, கையை மட்டும் நிதானமாக அசைத்துக்கொண்டிருந்தார். கடைசி நான்கு வரிகளுக்கு அவர் திரும்ப வந்து சேர்ந்துகொண்டார். பாட்டு முடிந்தபின் மழைச் சத்தம்தான் இருந்தது. அவர் மனைவி குடையை மருமகள் கையில் கொடுத்துவிட்டு, நனைந்தபடி வந்து, வரிசையில் நின்ற ஒவ்வொருவர் கையையும் பிடித்துவிட்டுப் போனார். மிச்சமிருந்த பதினாறு பேர் கைகளையும், தன் கணவர் கையையும்.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு மறுபடி தொடங்கியது. ஆனால் நீண்டநாள் இல்லை. இரண்டு மாதத்தில் மருமகளுக்கு வேறொரு நகரத்தின் பெரிய பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. போகலாமா என்று மாமனாரிடம்தான் முதலில் கேட்டாளாம். போம்மா, போகாமல் இங்கே உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய் என்று அவர் சொல்லியிருக்கிறார். அதைச் சொல்ல எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று என்னிடம் நிறுத்தம்வரை நடக்கையில் சொன்னார். மறுமணம் என்ற பேச்சு ஒருநாள் வரும், வரத்தான் வேண்டும், அன்றைக்கும் இதே மாதிரிச் சொல்லிவிட வேண்டும் என்றும் சொன்னார்.

ரயில் நிலையத்தில் அவள் அவரிடம், புதுப் பாட்டு எது எடுத்தாலும் எனக்குப் பாடி அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டாள். அவருக்குப் போனில் வருவதைக் கேட்கத் தெரியும், பதிந்து அனுப்பத் தெரியாது. மனைவி கற்றுக்கொண்டார். இப்போது புதன்கிழமை காலைகளில், ஷிப்டுக்குக் கிளம்புமுன், அவர் காக்கிச் சட்டையோடு சமையலறைச் சுவரோரம் நிற்கிறார். மனைவி போனைப் பிடித்துக்கொண்டு, "நேரா நில்லுங்க, குக்கர் விசில் வர்றதுக்குள்ள பாடி முடிச்சுடுங்க" என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்துகிறார்.